பால்வண்ணன் &

பதினொன்றேகால் மணி வெயில் கண்ணாடிக் கதவு வழியாகத் திரையில் விழுகிறது, திரையின் நடுவில் அந்த & குறி, கொடுக்காப்புளி போலச் சுருண்டு, வாலை மட்டும் நீட்டிக்கொண்டு, இந்த எழுத்துருவில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான், மற்ற எழுத்துகள் வலப்பக்கம் சாய்ந்து நடக்கின்றன, பட்டை முனைப் பேனாவால் எழுதியதுபோல இறங்கும்போது தடித்து, ஏறும்போது மெலிந்து, தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் சின்னதாக ஒரு குதிகால் வைத்து, & நடப்பதில்லை, ஆடுகிறது, கல்யாணப் பத்திரிகையில் ஒரு பக்கம் மாப்பிள்ளை பெயர், மறுபக்கம் பெண் பெயர், நடுவில் இது ஆட, சங்கரன்கோவிலில் எத்தனையோ கல்யாணம் என் கையால் தொடங்கியிருக்கிறது. பெற்றோர் பெயருக்கு நேர் எழுத்து, அவர்கள் போட்டோவுக்கு நிற்பவர்கள், மண்டபத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நேர் எழுத்து, சாய்வெழுத்து அந்த இரண்டு பெயருக்கு மட்டும், இது நான் வைத்த சட்டம், அச்சுக்கடை முதலாளி தனுஷ்கோடி அண்ணாச்சிக்கு அதில் மனத்தாங்கல், ஏம்மா, ஓட்டல்காரன் மெனு கார்டுக்குக் கேக்கான், பியூட்டி பார்லர் அம்மா போர்டுக்குக் கேக்காக, எல்லாருக்கும் இல்லன்னு சொல்லுத, அந்த எழுத்து என்ன உன் சீதனமா, அண்ணாச்சி சிரிப்பார், நானும் சிரிப்பேன், வீட்டில் மாப்பிள்ளை பார்த்து ஓய்ந்துவிட்டார்கள், யார் பெயரைச் சொன்னாலும் மனதுக்குள் சாய்வெழுத்தில் எழுதிப் பார்ப்பேன், ஒரு பெயரும் நடக்காது, சாய்ந்தபடியே நின்றுவிடும், வேண்டாம் என்பேன்.

பால்வண்ணன் வந்த அன்று மழை, குளித்து, சட்டை மாற்றி, லாரியை எங்கேயோ விட்டுவிட்டு வந்திருந்தார், கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்யும் லாரி, இருந்தும் உள்ளே வராமல் வாசலில் நனைந்துகொண்டே பேசினார், விசிட்டிங் கார்டு அடிக்கணும் மேடம், கண்ணாடியில் ஒட்டியிருந்த கல்யாணப் பத்திரிகையைக் காட்டி, இந்த எழுத்துல, என்றார், இது கல்யாணத்துக்கு உள்ளதுங்க, ஒங்க தொழிலுக்குத் தடிச்ச நேர் எழுத்துதான் எடுப்பா இருக்கும், அவர் பத்திரிகையையே பார்த்துக்கொண்டு நின்றார், நம்ம தொழில் நாறுதுன்னு எழுத்தும் வெறச்சுப்போயி மூக்கப் பொத்திக்கிட்டு நிக்கணுமா மேடம், நான் சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து அண்ணாச்சி எழுந்து வந்துவிட்டார், மொதல்ல உள்ள வாங்க, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டது நானா அண்ணாச்சியா, நினைவில்லை, கனவில் எப்போதும் நான்தான், கதவு கனக்கிறது, மழை உள்ளே அடிக்கிறது, அவர் வந்து முடிவதே இல்லை, நானும் கதவை விடுவதில்லை.

சாய்வெழுத்துக்கு நான் எப்போதும் பழைய பத்திரிகை ஒன்றைத்தான் திறப்பேன், அளவும் இடைவெளியும் அதில் தயாராக இருக்கும், அன்றும் திறந்தேன், பழைய மாப்பிள்ளையை அழித்து அந்த இடத்தில் இவர் பெயரை ஆங்கிலத்தில் அடித்தேன், முதல் எழுத்து குடை விரித்தது, நடுவில் இரண்டு எழுத்துகள் தோள் உரசிக்கொண்டன, கடைசி எழுத்து கால் நீட்டி எட்டு வைத்தது, பாருங்க, ஒங்க பேரு நடக்குது, என்று வாய்விட்டுச் சொன்னேன், அவர் திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார், அதன் பிறகு பெண் பெயரை அழித்தேன், மண்டபத்தை அழித்தேன், தேதியை அழித்தேன், எல்லாம் அழித்தாயிற்று என்றுதான் இருந்தேன், கார்டு அச்சாகி, அவர் வாங்கிப் போய், நாலு நாள் கழித்து மிஞ்சிய ஒன்றைக் கையில் எடுக்கிறேன், பால்வண்ணன் &, அதற்கப்புறம் ஒன்றுமில்லை, வெள்ளை, அதற்குக் கீழே கழிவுநீர் அகற்றப்படும். அண்ணாச்சி கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஊருக்கெல்லாம் கல்யாணம் பண்ணிவச்ச கை, இந்த மனுசன மட்டும் பாதி மேடையில விட்டுருச்சே, போன் போட்டு வரச்சொல்லு, சரி பண்ணி வேற அடிச்சுக் குடுத்துருவோம்.

அதைத்தான் காலையிலிருந்து சரி பண்ணிக்கொண்டிருக்கிறேன், ஒரே ஒரு குறி, ஒரு தட்டு போதும், விரல் போகவில்லை, அழித்துக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போய்விடுவார், அந்தக் கார்டு தீரும்வரை அவருக்கு இந்தக் கடையில் வேலை இல்லை, இந்தப் பெயர் நடந்தது, வேறு எதுவும் நடக்கவில்லை, இதோ கதவு திறக்கிறது, இந்தத் தடவை அவரே திறக்கிறார், வாங்க, தப்பாப் போச்சு, மாத்திக் குடுத்துருதேன், அய்யோ வேண்டாம் மேடம், ஊர்ல போன் போட்டதும் மொதல்ல அதத்தான் கேக்காக, அண்ணே, பால்வண்ணன் அண்டு யாரு, கூட்டாளியா சம்சாரமான்னு, அதக் கேட்டுட்டுத்தான் தொட்டி நெறஞ்ச கதைக்கே வாராக, நாலு தெரு தள்ளி உள்ளவனும் கூப்புடுதான், அண்ணாச்சி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார், நீங்க என்ன சொன்னீக, எழுத்துப் போட்டவுகளக் கேட்டுச் சொல்லுதேன்னு சொல்லியிருக்கேன், அண்ணாச்சி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், டீ சொல்லிட்டு வாரேன் என்று எழுந்து போனார், மேசைமேல் ஆவி பறக்க அண்ணாச்சியின் டீ இருந்தது. வெயில் திரையைவிட்டு நகர்ந்து என் கைமேல் கிடக்கிறது, & இப்போது ஆடவில்லை, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பதுபோல வாலை நீட்டி அந்த வெள்ளையைக் காட்டிக்கொண்டு நிற்கிறது, அவர் குனிந்து, முதல் தடவையாகத் திரையைப் பார்க்கிறார், மேடம், இதுக்குப் பின்னால எந்தப் பேரு நடந்து வரும்?