மேல் வீட்டுக்குப் படி

"முன் ரூமைத் தொட விடமாட்டேன்னு எத்தனை தடவை—"

"ரூமையாக்கா கேக்குறோம்? ஒரு படி வைக்க நாலடி எடம்—"

"நாலடியாம்ல நாலடி! இருக்கிறதே பத்தடி. அதுல படி வந்து எறங்குனா ஜன்னலை எங்க கொண்டுபோயி வைக்க? ஓந்தலையிலயா?"

"எடுத்தெறிஞ்சு பேசாதீங்கக்கா. பாலத்தை இடிச்சுட்டா நாங்க எப்படி எறங்குவோம்? பறந்தா?"

"அதைப் பாலத்துப் பக்கம் வாசல் வச்சப்பவே யோசிச்சிருக்கணும்."

இதைச் சொல்லிவிட்டுக் கருத்தம்மாள் கட்டிலில் உட்கார்ந்தாள். நின்றுகொண்டு சண்டை போட அவள் முழங்கால்கள் இப்போதெல்லாம் ஒத்துக்கொள்வதில்லை. எதிரே நின்ற ஈஸ்வரி அவள் கொழுந்தன் பெண்டாட்டி, மேல் வீட்டுக்காரி. புதன்கிழமை பாலத்தை இடிக்கப்போகிறார்கள். அதற்குள் கீழ் வீட்டுக்காரியைச் சம்மதிக்க வைத்துவிட வேண்டுமென்று அவளும் ஒரு வாரமாகப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு இறங்கி வந்து கத்திவிட்டுப் போகிறாள்.

போடியில் அந்தப் பாலம் வந்து முப்பத்தொரு வருஷம். போடிமெட்டுக்குப் போகிற ஜீப்புகளும் லாரிகளும் கடைவீதிக்குள் நுழையாமல் மேலேயே போய்விட வேண்டுமென்று கட்டினார்கள். அது கருத்தம்மாள் வீட்டு முகத்தை உரசிக்கொண்டு போனது. மாடி வாசலுக்கும் பாலத்து நடைபாதைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது தம்பி லிங்கேஸ்வரன் மாடியைக் கேட்டு வாங்கி, அந்த முழத்துக்கு ஒரு சிமெண்டுப் பலகை போட்டு, கடை திறந்தார். மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ், கவாத்துக் கத்தி. மலைக்குப் போகிற ஜீப்பெல்லாம் அவர் வாசலில் ஒரு நிமிஷம் நின்றுதான் போகும். கடைக்குள் யாரும் ஏறி வந்துவிடக் கூடாதென்று வீட்டுக்குள்ளிருந்த பழைய மரப்படியைப் பிடுங்கி, மேலே இருந்த ஓட்டையையும் கான்கிரீட் போட்டு அடைத்தார். கருத்தம்மாளின் புருஷன், அண்ணன் ராஜாராம், "தம்பிதானே, போகட்டும்" என்றார். கருத்தம்மாளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கீழே அன்றிலிருந்து இருட்டு. பகல் பன்னிரண்டு மணிக்கும் டியூப்லைட். தலைக்கு மேல் லாரி போனால் தட்டில் சோறு அதிரும். வீட்டிலிருந்தபடி ஏலக்காய் பொறுக்கிக் கொடுக்கும் பெண்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்க, கருத்தம்மாளால் முடியவில்லை. டியூப்லைட்டில் பச்சைக் காயும் வெளுத்த காயும் ஒன்றுபோலத் தெரியும். தரம் பிரிக்கச் சூரிய வெளிச்சம் வேண்டும். அதனால் இருபத்தைந்து வருஷம் விடியுமுன் ஜீப்பில் இடுக்கிக்கொண்டு மலையேறிக் காய் எடுத்தாள். சரிவும் குளிரும் சேர்ந்து முழங்காலைத் தின்றுவிட்டன. போன வருஷம் ஜீப்புக்காரனே, "ஆத்தா, இனி ஏற வேணாம்" என்று சொல்லிவிட்டான்.

இப்போது பாலத்துக்கு வயதாகிவிட்டது. தூணில் கம்பி தெரிய ஆரம்பித்ததும் இடித்துவிட்டுப் பழையபடி தரையில் தெரு, ஓரத்தில் பூங்கா என்று முடிவாகிவிட்டது. அளக்க வந்த அதிகாரி வீடு வீடாகச் சொன்னார்: பூங்கா எல்லைக்குள் ஒரு படிக்கட்டும் நீட்டக்கூடாது. பின்பக்கம் அடுத்த வீட்டுச் சுவர். ஆக மாடிக்கு வழி கருத்தம்மாளின் முன் அறை ஒன்றுதான்.

"எங்க வீட்டுக்காரருக்கு இடுப்புல கம்பி வச்சிருக்கு" என்றாள் ஈஸ்வரி. "ஏணியில எறங்குவாரா?"

"எம் முழங்காலுக்கு யாரு கம்பி வச்சா? பாலம் போனதும் ஏலக்கா யாவாரி காசிமாயன் ரெண்டு மூட்டை காய் கொண்டாறேன்னுருக்கான். இந்த ஜன்னலை நம்பித்தான் சரின்னேன். போ ஈசுவரி, எனக்குப் பேச முடியல."

ஈஸ்வரி போய்விட்டாள்.

இடிக்கப் பதினெட்டு நாள் ஆனது. பதினெட்டு நாளும் பல் கூசுகிற சத்தம், வாயெல்லாம் சிமெண்டுத் தூள். கடைசித் துண்டை லாரியில் ஏற்றிக்கொண்டு போன மறுநாள் காலையில் ஜன்னல் வழியே வெயில் வந்து தரையில் படுத்தது. கருத்தம்மாள் அதைப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை. சுவரெல்லாம் எவ்வளவு கரி பிடித்திருக்கிறது என்றுதான் அவளுக்கு முதலில் தெரிந்தது. இதையெல்லாம் யார் கழுவுவது என்று அலுப்பாக வந்தது. அப்புறம் சாக்கை விரித்து, காசிமாயன் இறக்கிவிட்டுப் போன மூட்டையை அவிழ்த்தாள். பச்சை தனியே, வெளுத்தது தனியே, வெடித்தது தனியே. கை தானாக ஓடியது.

மாடியில் கதவைத் திறந்தால் ஆகாயம். ஈஸ்வரியின் மகன் அன்புச்செல்வன் அலுமினிய ஏணி வாங்கிச் சாய்த்திருந்தான். ஈஸ்வரி இரண்டு தரம் இறங்கினாள், மூன்றாம் தரம் பாதியில் நின்று அழுதாள். பிறகு மேலேயே இருந்துகொண்டு, வாளியில் கயிறு கட்டிக் காய்கறி இழுத்தாள். இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

ஒரு புதன்கிழமை லிங்கேஸ்வரனைத் தேனி ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டியிருந்தது. சுமைதூக்குகிற தங்கபாண்டியும் இன்னும் மூன்று பேரும் வந்து, அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்தி, நாலு காலுக்கும் கயிறு கட்டி இறக்கினார்கள். இறக்கியது கூடப் பரவாயில்லை. மத்தியானம் இரண்டு மணிக்குத் திரும்பி வந்து ஏற்றும்போது பாதி உயரத்தில் ஒரு கயிறு வழுக்கியது. நாற்காலி ஒரு பக்கம் சரிந்தது. லிங்கேஸ்வரன், "அய்யோ, ஆத்தா!" என்று போட்ட சத்தத்தில் எதிர்க் கடைக்காரர்கள் எழுந்துவிட்டார்கள்.

"எறக்குங்கடா, மெதுவா எறக்குங்க!" என்றான் தங்கபாண்டி. "பயப்படாதீக அண்ணே. ஏலக்கா மூட்டை கணக்கா அலுங்காமக் கொண்டாந்துருவோம்ல."

"மூட்டை கத்தாதுடா" என்றார் லிங்கேஸ்வரன், மூச்சு வாங்க.

கனமான கயிறாகப் பார்த்துக்கொண்டு ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லி அவர்கள் ஒரு லோடு ஏற்றப் போய்விட்டார்கள். நாற்காலி அவரோடு தெருவில் வெயிலில் கிடந்தது. கருத்தம்மாள் வாசலில் நின்று பார்த்தாள்.

"உள்ள வாங்க தம்பி. எந் தோளைப் பிடிச்சுக்கங்க."

பாகம் பிரித்த பிறகு அவர் அந்த வீட்டுக்குள் வந்தது அண்ணன் சாவுக்கு ஒரு தரம். இப்போது இரண்டாம் தரம். கட்டிலில் உட்கார வைக்கும்போதுதான் அவள் பார்த்தாள், வேட்டி முன்பக்கம் நனைந்திருந்தது. அவர் கையால் மறைத்துக்கொண்டார். முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

மேலேயிருந்து ஈஸ்வரி கத்தினாள்: "அக்கா! அவுகளுக்கு என்னக்கா ஆச்சு? அடி பட்டுருச்சா?"

"ஒண்ணுமில்ல. தண்ணி குடிக்கையில மேல கொட்டிருச்சு" என்று கருத்தம்மாள் வாசலைப் பார்த்துச் சொன்னாள். பெட்டியைத் திறந்து ராஜாராமின் வேட்டி ஒன்றை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய் வேலை ஏதுமில்லாமல் நின்றாள். திரும்பி வந்தபோது அவர் மாற்றியிருந்தார். நனைந்ததை வாளியில் போட்டாள்.

பிறகு சாக்கில் உட்கார்ந்து காயைக் கையில் எடுத்தாள். அவர் நிழல் குவியல் மேல் விழுந்தது.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி. வெளிச்சம் மறைக்குது."

அவர் நகர்ந்தார். சுவரைப் பார்த்தார், கரியைப் பார்த்தார்.

"இத்தனை வருஷமும் இந்த இருட்டுலயா மதினி கிடந்தீக?"

"பின்னே? எனக்குன்னு தனியா சூரியனா வச்சிருந்தேன்?"

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "படி எங்கன இருந்துச்சு? எனக்கே மறந்துபோச்சு."

அவள் நிமிராமல் தாடையால் காட்டினாள். அவள் தலைக்கு நேர் மேலே, கூரையில் சதுரமாக ஒரு நிறம் மாறிய இடம். ஜன்னலிலிருந்து ஒன்றரை அடி தூரம்தான்.

அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேணாம் மதினி. நான் இனிமே எறங்கல. ஆஸ்பத்திரியும் வேணாம் ஒண்ணும் வேணாம். ஆறு மணிக்கு ஏத்தி விட்டுட்டா மேலயே கிடந்துர்றேன். அப்புறம் கடைசியா ஒரு தடவைதானே எறக்கணும். அப்ப நான் கத்தமாட்டேன்."

சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். களைப்பில் உடனே தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

கருத்தம்மாள் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பச்சைக் குவியலில் இரண்டு வெளுத்த காய் விழுந்து கிடந்ததைப் பார்த்துத் திரும்ப எடுத்துப் போட்டாள். மறுபடியும் விழுந்தது. கையை உதறினாள். 'இவரு பேசுன பேச்சுக்கு நான் என்ன பண்ண' என்று தனக்குள் சொன்னாள். கோபமாகச் சொல்லத்தான் நினைத்தாள், கோபம் வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

ஐந்தரை மணிக்கு வெயில் சுவரேறிவிட்டது. சாக்கை மடித்து வைத்து, முழங்காலைப் பிடித்து எழுந்து தெருவுக்கு வந்தாள். எதிரே பூங்காவுக்கு மண் கொட்டிக் கிடந்தது. மேலே, படியில்லாத வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு ஈஸ்வரி நின்றிருந்தாள். அவள் பின்னால் மாடி அறை முழுக்க இன்னும் வெளிச்சம்.

"அவுக என்ன பண்றாகக்கா?"

"தூங்குறாரு. நீ ஒண்ணு செய்யி, கொத்தனாரை நாளைக்கு வரச் சொல்லு. அடைச்சதை ஒடைச்சுட்டுப் படியை வச்சுக்கங்க."

"அக்கா!"

"இரு, முடிக்கலை. படி வந்தா எஞ்சன்னல் போச்சு, எஞ் சோலியும் போச்சு. அதனால தெனமும் சாக்கைத் தூக்கிக்கிட்டு, படிப்படியா உக்காந்து உக்காந்தாவது நான் மேல வந்துருவேன். உங்கடையில, நீ நிக்கிறியே அந்த வாசல்ல, பொழுது சாயுற வரைக்கும் காலை நீட்டி உக்காந்து காய் பொறுக்குவேன். வர்றவுக போறவுக என்னைச் சுத்தித்தான் போகணும். சம்மதமா ஈசுவரி?"