ரோகிணி நட்சத்திரத்து வண்டி

குணசுந்தரிக்குச் செவ்வாய் தோஷம். எங்கள் குப்பத்தில் இது தெரியாதவர்கள் யாரும் கிடையாது. எதிர் வீட்டு அர்ஜுனும் அவளும் ரெண்டு வருஷமாகப் பழகுவதும் எல்லோருக்கும் தெரியும். அர்ஜுன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். நாற்பதடி கண்டெய்னரைப் பூ மாதிரி தூக்கி வைப்பான். அம்மா தாயம்மா ஒரு முறை முறைத்தால் மட்டும் அவனுக்குக் கை கால் ஓடாது.

தோஷக்காரியைக் கட்டினால் புருஷன் தங்கமாட்டான் என்பது தாயம்மாவின் கட்சி. கல்யாணப் பேச்சு அங்கேயே நின்றது.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். 2004இல் அது மார்கழியிலேயே பிறந்துவிட்டது. டீக்கடை உசேன் பாய் பேப்பரை உரக்கப் படித்தார். அமெரிக்காக்காரன் ஆளில்லாத ஆறு சக்கர வண்டி ஒன்றைச் செவ்வாயில் இறக்கிவிட்டானாம். குணசுந்தரியின் அப்பா எத்திராஜ் பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு எதிர் வீட்டுக்கு ஓடினார்.

"இத்தப் பாரு தாயம்மா. செவ்வாய் மேலயே குந்திகினு போட்டோ புடிக்குது. அதுக்கே ஒண்ணும் ஆவல. உன் புள்ளைக்கு இன்னா ஆயிடப்போவுது?"

தாயம்மா பேப்பரை வாங்கி வைத்துக்கொண்டாள். ஜோசியர் சுயம்புவை வரவழைத்தாள். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் அவர். படத்தை உற்றுப் பார்த்தார், பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

"வண்டி எறங்குன நேரம் ரோகிணி நட்சத்திரம். ரோகிணி மாமனுக்குத்தான் ஆவாது, மத்தவங்களுக்குப் பயமில்ல. ஒரு மண்டலம் பொறுங்க. வண்டி தாங்கிச்சுன்னா பையனும் தாங்குவான்."

அர்ஜுனின் தாய்மாமன் மட்டும் கொஞ்சம் கலங்கிப்போனார். மற்றபடி தெருவுக்கே சந்தோஷம். தாயம்மா கோயிலுக்குப் போய் வண்டியின் பேரில் அர்ச்சனை செய்தாள். அர்ச்சகர் பெயர் கேட்டார். "வண்டின்னு சொல்லு சாமி" என்றாள். கோத்திரம் கேட்டார். "அமெரிக்கா."

நாங்கள் சிரித்தோம். குணசுந்தரி சிரிக்கவில்லை. இறால் கம்பெனியில் வேலை முடிந்து வருகிறவள் வீட்டுக்குள் போவதற்கு முன்னால் டீக்கடையில் நிற்பாள். "பாய், அது நல்லா கீதா?" பெற்ற பிள்ளையைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தவள்கூட அப்படி விசாரிக்கமாட்டாள்.

பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். பாய் பேப்பரைப் பாதி படித்தவர், சட்டென்று மடித்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். வண்டி பேச்சை நிறுத்திவிட்டதாம். இங்கிருந்து என்ன கேட்டாலும் ஒழுங்கான பதில் இல்லையாம்.

தெருவே ஒன்றுகூடி விஷயத்தை அமுக்கியது. கேபிள்காரன் குணசேகரன் எங்கள் தெருவுக்குப் போகும் ஒயரையே பிடுங்கிப்போட்டான். செய்தி நின்றது, சீரியலும் நின்றது. அங்கேதான் கோட்டை விட்டோம். சீரியல் இல்லாமல் தாயம்மாவுக்குச் சோறு இறங்காது. அடுத்த தெருவுக்குப் போய்ப் பார்த்தாள். நடுவில் செய்தியும் வந்தது.

"என் புள்ளையக் காப்பாத்துனியே ஆத்தா!" தலையில் கை வைத்துக்கொண்டே திரும்பி வந்தாள். கல்யாணப் பேச்சு அத்தோடு முறிந்தது.

குணசுந்தரி அர்ஜுனுக்காகக் காத்திருந்தாள். டீக்கடையில்தான் அவன் வாய் திறந்தான்.

"ரெண்டு நாள் பொறு சுந்தரி. அது பேசுதான்னு பாத்துக்கலாம்."

"பேசலைன்னா?"

அர்ஜுன் டீயை ஊதி ஊதிக் குடித்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கிளாஸைப் பிடுங்கியிருப்பேன். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வண்டி பிழைத்துக்கொண்டது. தூரத்திலிருந்தே ஏதோ வைத்தியம் பார்த்தார்களாம். போதாததற்கு இன்னொரு வண்டியும் பத்திரமாக இறங்கியது. ஜோடியே சேர்ந்துவிட்டது, இனி என்ன தோஷம் என்று சுயம்பு கையெடுத்துக் கும்பிட்டார். தாயம்மா அன்றைக்கே வெற்றிலை பாக்கு, பூ, பழம் அடுக்கிய தாம்பாளத்தோடு எதிர் வீட்டுக்குப் புறப்பட்டாள். பின்னால் அர்ஜுன், புதுச் சட்டையில். அதற்கும் பின்னால் நாங்கள்.

குணசுந்தரி வாசலில் நின்றாள். தாம்பாளத்தை வாங்கவில்லை.

"அத்தே, நீ கொஞ்சம் தள்ளு. நான் அவர்கிட்ட பேசணும்." அர்ஜுன் பக்கம் திரும்பினாள். "அந்த வண்டி ஏழு மாசம் ஒண்டியா பறந்துபோய் எறங்கிச்சு. நீ இந்தத் தெருவத் தாண்டறதுக்கு அது பொழைச்சு எழுந்துக்க வேண்டியதாப் போச்சு. போவட்டும், வந்துட்ட. ஒண்ணே ஒண்ணு சொல்லு. நாளைக்கே அது மறுபடி படுத்துடுச்சுன்னா, நீ என்கூட இருப்பியா?"

நாங்கள் எல்லோரும் அர்ஜுனைப் பார்த்தோம். அர்ஜுன் அம்மாவைப் பார்த்தான்.

குணசுந்தரி கதவைச் சாத்தினாள்.