குழாயில் வைத்த மூட்டை

மலேசியாவில், கிள்ளான் லிட்டில் இந்தியாவின் தோசைக்கடைக்குள் நுழைந்ததுமே லோகன் கைப்பேசியை எடுத்துவிடுவார். தஞ்சோங் காராங்கில் குத்தகைக்கு எடுத்த வயலின் படம். "பாருங்க பாஸ், எப்படிக் கருகருன்னு நிக்குது! யூரியாவ டபுளா போட்டேன் லா." தோசை சுடுகிறவர் முதல் மேசை துடைக்கிறவர் வரை யாரையும் விடமாட்டார்.

வாரம் முழுக்க அவருக்கு லோரிப் பட்டறை. ஞாயிறு மட்டும்தான் விவசாயி. இடையில் வயல் காய்ந்துவிடுமோ என்ற பயத்தில், வாய்க்கால் தண்ணீர் கீழ்வயலுக்குப் போகும் குழாயின் வாயில் மணல் மூட்டைகளைத் திணித்து வைத்தார். தண்ணீருக்கடியில் கிடந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. அவர் வயல் குளமாக நின்றது.

கீழ்வயல் குமுதாவுடையது. கேரி தீவு எண்ணெய்ப்பனைத் தோட்ட வேலையை விட்டுவிட்டு அவளும் கணவனும் முதல்முறையாக நெல்லில் இறங்கியிருந்தார்கள். இந்த விளைச்சல் கைவிட்டால் மறுபடி செம்பனைக்காட்டுக்கே போகவேண்டியதுதான்.

கதிர் வெளிவந்த நேரத்தில் அவள் போன் செய்தாள். "அண்ணே, பூக்குற நேரம்ணே. சொட்டுத் தண்ணி வரல. மேல எங்கயாச்சும் அடைச்சிருக்கா?"

"இங்க ஒண்ணும் இல்லம்மா. அதிகாரிங்க ஒழுங்கா திறந்துவிட்டா ஏன் வராது? நாடே இப்படித்தான் லா," என்றார் லோகன். ஊரைத் திட்டுவதில் மனிதனுக்கு அப்படி என்ன சுகமோ!

அறுவடைக்கு முந்தின வாரம் காற்றும் மழையும் அடித்தன. உரத்தைத் தின்று நெடுநெடுவென்று வளர்ந்திருந்த லோகனின் பயிர் அப்படியே படுத்துவிட்டது. தண்ணீரில் கிடந்த கதிர்கள் முளைவிட்டிருந்தன.

அறுவடை இயந்திரக்காரர் வரப்பிலேயே நின்றுவிட்டார். "இறக்குனா மெஷின் புதைஞ்சிரும் அங்கிள். மொதல்ல தண்ணிய வடிங்க."

லோகன் பதறிப்போய் வாய்க்காலில் குதித்து மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டார். தண்ணீர் கீழே பாய்ந்தது. நிமிர்ந்தால், கரையில் குமுதா.

அவள் மூட்டைகளைப் பார்த்தாள். பிறகு தன் வயலில் ஒரு கதிரை உருவி, உள்ளங்கையில் கசக்கி ஊதினாள். எல்லாம் பறந்துவிட்டது. கையில் ஒரு மணிகூட மிஞ்சவில்லை.

"என் பங்கு தண்ணி என் வயலுக்கு வந்திருந்தா மணி பிடிச்சிருக்கும். உங்களுக்கும் இப்படி அழுகியிருக்காது. அடுத்தவன் பங்கையும் சேத்து வச்சிக்கிட்டா யாருக்கும் வெளையாதுண்ணே."

"இனிமே அடைக்கமாட்டேன்மா," என்றார் லோகன் வெட்கத்துடன்.

"யாருக்குண்ணே தொறந்து விடப்போறீங்க? நாங்க நாளைக்குத் தோட்டத்துக்குப் போறோம்."