வலிக்காத கால்

எனக்குச் சகாதேவனைக் கண்டாலே வயிற்றெரிச்சல். மறைப்பானேன்! கராத்தே வகுப்பில் நாங்கள் எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்போது, அவன் மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி சிரித்துக்கொண்டு நிற்பான்.

எண்பத்து மூன்றாம் வருஷம். மாஸ்டர் கோதண்டராமன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எங்கள் ஊர் ஜனம் வெயிலுக்கு முன்னே கோயில் மலையைச் சுற்றிவிட்டு வீடு போய்ச் சேரும். நாங்களோ சித்திரை வெயில் உச்சியில், வெறுங்காலோடு, அதே ரோட்டில் ஓட வேண்டும். வலிக்குது என்று வாயைத் திறந்தவன் முதலிலிருந்து ஓட வேண்டும். நான் திறந்து திறந்து மாட்டிக்கொண்டவன். சகாதேவனைப் பார்த்துக் கத்துக்கோ என்று மாஸ்டர் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் அவன் பின்னால் ஓடினேன். அவன் வலது கால் பட்ட இடமெல்லாம் ரத்தம். பிடித்து நிறுத்திப் பார்த்தால், குதிகாலில் பாட்டில் கண்ணாடி ஏறியிருந்தது. அவன் குனிந்து அதைப் பிடுங்கிப் போட்டான். எப்போது குத்தியது என்று என்னிடமே கேட்டுவிட்டு மறுபடி ஓடினான். மாஸ்டர் கைதட்டினார். நான் அவன் காலையே பார்த்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

நான் படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்குத் தொழுநோய் பார்க்கிறவர்கள் வருவார்கள். கண்ணை மூடச் சொல்லி இறகால் தொடுவார்கள். தொட்ட இடத்தை நாம் சொல்ல வேண்டும். தேமலில் உணர்ச்சி இல்லையென்றால் உடனே வைத்தியம் பார்க்கணும், விட்டால் காலே போய்விடும் என்பார்கள். சகாதேவன் பள்ளிக்கூடப் பக்கமே போகாதவன். அவன் கெண்டைக்காலில் வெளிறிய தேமல் ஒன்று இருந்தது. சொன்னால் என் முகத்தில் முழிக்க மாட்டான். சொல்லாவிட்டால் அவன் கால்? கடவுளே, இதைப் பார்த்தா இத்தனை நாள் பொறாமைப்பட்டேன்!

முதல் சுற்று முடிந்து குளக்கரையில் உட்கார்ந்தோம். கீழே கிடந்த காக்கை இறகை எடுத்துக்கொண்டு, கண்ணை மூடு, எங்கே தொடுகிறேன் சொல் என்றேன். சின்னப்பிள்ளை விளையாட்டு என்று கிண்டலடித்தாலும் மூடிக்கொண்டான். கையில் தொட்டேன், சொன்னான். தோளில் தொட்டேன், சொன்னான். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. தேமலில் தொட்டேன். பேசாமல் இருந்தான். இறகைத் திருப்பிக் காம்பால் அழுத்தினேன். சதையில் குழி விழுந்தது.

"சீக்கிரம் தொட்றா, பசிக்குது," என்றான்.

நான் காம்பை எடுக்கவில்லை. பொறுக்காமல் கண்ணைத் திறந்தான். காம்பையும் குழியையும் பார்த்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"வலிக்கலையேடா ராமதாசு," என்றான். எத்தனையோ தடவை சொன்னதுதான். அன்றைக்குத்தான் அவன் குரல் நடுங்கியது.

மாஸ்டர் அடுத்த சுற்றுக்கு விசில் ஊதினார். நான் போய் என் செருப்பை எடுத்துவந்து அவன் காலில் மாட்டினேன்.

"எழுந்திரு, பெரியாஸ்பத்திரிக்குப் போலாம். மாத்திரை இருக்குது."

அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். ரோட்டுக்கு வந்ததும் தார் என் உள்ளங்காலைச் சுட்டது. நன்றாகவே சுட்டது.