இடப்பக்கத்துப் பெண்

தென்கொரியாவின் வட எல்லையோரம், கோஜின் துறைமுகத்தில் கில்ரேயின் குரலை அறியாதவர் கிடையாது. கணவாய் மீன் காயவைக்கும் முற்றத்திலிருந்து அவள் யாரையாவது அதட்டினால், அலைதடுப்புச் சுவரின் முனையில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவர் தன்னைத்தானோ என்று திரும்பிப் பார்ப்பார்.

அந்தக் குரல் முழுசாக வெளியே வருவது புதன்கிழமை விடியற்காலையில்தான். இயேசுவை நம்பிய குற்றத்துக்காக உலகத்தில் எங்கெங்கோ அடிபடுகிறவர்கள், சிறையில் கிடக்கிறவர்கள், வீடு எரிந்து நிற்கிறவர்கள், இவர்களுக்காக மேட்டுச் சபையில் அன்றைக்கு ஜெபம். போதகர் தோ சுவரிலிருக்கும் உலகப்படத்தில் ஒரு தேசத்தைத் தொட்டுக் காட்டுவார். எல்லோரும் கையைத் தூக்கி மூன்று தரம் "ஆண்டவரே!" என்று கூவுவார்கள். பிறகு அவரவர் வார்த்தையில், ஒரே நேரத்தில், தொண்டை கிழிய மன்றாடுவார்கள். ஜன்னல் கண்ணாடி அதிரும்.

எந்த தேசத்தைக் காட்டினாலும் கில்ரே கடைசியில் வடக்கே, வடகொரியாவுக்குப் போய்விடுவாள். நைஜீரியாவும் ஈரானும் அவளுக்கு வெறும் பெயர்கள். வடக்கு அப்படியில்லை. பனி விலகிய நாளில் முற்றத்தில் நின்றாலே அந்தப் பக்கத்து மலைகள் தெரியும். நடுவே முள்வேலி, கண்ணிவெடி, பட்டாளம்.

"ஏண்டி, கடவுளுக்குக் காது மந்தம்னு யாராவது உன்கிட்ட சொன்னாங்களா?" என்று சமையற்கட்டுப் பொறுப்பாளி மால்சுன் கேலி செய்வாள்.

"உன் குறட்டைய மீறி அவருக்குக் கேக்கணும்ல" என்பாள் கில்ரே.

ஆனால் சில வருஷங்களாக அவளுக்குள் ஒரு சலிப்பு ஊறிக்கொண்டிருந்தது. அம்மா காலத்திலிருந்து கூப்பிடுகிறார்கள். வேலி அப்படியேதான் இருக்கிறது. அங்கிருந்து ஒரு முனகல்கூட வந்ததில்லை. சலிப்பு கூடக் கூட அவள் சத்தத்தையும் கூட்டினாள். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இலையுதிர்காலத்தில் கணவாய் வரத்து ஏறியபோது ஓக்சிம் முற்றத்துக்கு வேலைக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும். வடக்கிலிருந்து ஆற்றைக் கடந்து சீனாவுக்குப் போய், பிடிபட்டுத் திருப்பியனுப்பப்பட்டு, மறுபடி தப்பி எப்படியோ தெற்கே வந்து சேர்ந்தவள். அவள் வாய் திறந்தால் பேச்சின் இழுவையை வைத்தே பேருந்தில் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் அவள் வாயே திறப்பதில்லை. பாதி காய்ந்த கணவாயின் கால்களைப் பிரித்து இழுத்துவிடும் வேலையில் மட்டும் அவளை மிஞ்ச ஆளில்லை.

"சாப்பாடு என்ன, தினமும் பாக்கெட் நூடுல்ஸா?" என்று ஒருநாள் கில்ரே கேட்டாள்.

"வயிறு ரொம்புதுல்லக்கா."

"புதன்கிழமை என்கூட வா. சபைக் கூட்டம் முடிஞ்சதும் மால்சுன் சுடச்சுட மீன் சூப்பு ஊத்துவா. அவ வாய்தான் மோசம், கை நல்ல கை."

ஓக்சிம் வந்தாள். கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்தாள். போதகர் படத்தைத் தொட்டார். கைகள் உயர்ந்தன. முதல் "ஆண்டவரே!" எழுந்ததும் ஓக்சிம் தலையை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவே தரையோடு சுருண்டாள். கண்ணை மூடியிருந்த யாருக்கும் அது தெரியவில்லை. மூன்றாவது கூவலில் கில்ரே மூச்சுவாங்கத் திரும்பியபோது பெஞ்சு காலியாக இருந்தது.

வெளியே, செருப்பு வைக்கும் அலமாரிப் பக்கம் ஓக்சிம் வெறுங்காலோடு நின்று நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இப்படிக் கத்துறீங்க? பக்கத்துலயே போலீஸ் ஸ்டேஷன் இருக்கே!"

"போலீசா? அந்த ஸ்டேஷன்காரரு உள்ளதான் நிக்கிறாரு. முன் வரிசையில அடித்தொண்டையில கத்துறாரே, அவருதான்."

ஓக்சிம் நம்பாமல் பார்த்தாள். உள்ளேயிருந்து சத்தம் அலை அலையாக வந்துகொண்டிருந்தது.

"என்னதான் பண்றாங்க எல்லாரும்?"

"ஜெபம் பண்றோம்மா. உங்க ஊர்ல இயேசுவ நம்பி ஜெயில்ல கிடக்கிறாங்கல்ல, அவங்களுக்காகவும்தான்."

"பாக்காத ஆளுங்களுக்காகவா?"

"பாக்காத ஆளுங்களுக்காகத்தான்."

ஓக்சிமின் நடுக்கம் நின்றது. அவள் முகத்தில் என்னவோ ஓடியது. சூப்புக்கு நிற்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கிப் போய்விட்டாள். பயந்துவிட்டாள், இனி இந்தப் பக்கமே வரமாட்டாள் என்று கில்ரே தன்னையே நொந்துகொண்டாள்.

மறுநாள் முற்றத்தில் நல்ல வெயில், காற்று. கொடிகளில் கணவாய்கள் வரிசை வரிசையாக ஆடின. வழக்கத்துக்கு மாறாக ஓக்சிம் தானே பேச ஆரம்பித்தாள். கை வேலையை விடவில்லை.

"சீனாவுலேர்ந்து திருப்பி அனுப்புனதும் எங்கள ஒரு ரூம்ல போட்டாங்கக்கா. எழுந்ததுலேர்ந்து படுக்கிற வரைக்கும் சம்மணம் போட்டு உக்காரணும். கை முட்டிமேல இருக்கணும். அசையக் கூடாது, பேசக் கூடாது. அசைஞ்சா அடி. எனக்கு இடப்பக்கம் ஒரு பொம்பள இருந்தா. உங்க வயசுதான் இருக்கும். எல்லாரும் தலைய தொங்கப் போட்டு செத்த மாதிரி இருப்போம். அவ மட்டும் எதிர்ச் சுவர பாத்துக்கிட்டே இருப்பா. அங்க யாரோ நிக்கிற மாதிரி. புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நெனச்சேன்."

கில்ரே அடுத்த கணவாயைக் கையிலெடுத்தாள்.

"காவக்காரனுங்க ஆள் மாறுறப்போ கொஞ்சம் முணுமுணுக்கலாம். ஒருநாள் கேட்டேன், அப்படி என்னத்ததான் பாக்குறேன்னு. 'பாக்கல, சில பேருக்காகக் கேட்டுக்கிட்டு இருக்கேன்'னா. நமக்காகவான்னு கேட்டேன். 'நம்ம சங்கதி அவருக்குத் தெரியும். இது வேற ஆளுங்களுக்கு'ன்னா."

"யாருக்காம்?"

"பிடிபடுறதுக்கு முன்னாடி ஒளிச்சு வச்சு ரேடியோ கேப்பாளாம். ஆப்பிரிக்காவுல ஒரு கோயில ஆளுங்களோட சேத்து கொளுத்திட்டாங்கன்னு சொன்னாங்களாம். அந்த ஊர்ல மிஞ்சினவங்களுக்காகக் கேக்குறாளாம். ஆப்பிரிக்கா எங்க இருக்குன்னு கேட்டேன். தெரியாதுன்னா. ரொம்ப வெயில் அடிக்கிற ஊர்னு மட்டும் தெரியுமாம்."

கில்ரேயின் கையிலிருந்த கணவாய் நழுவியது. தின்னச் சோளமில்லாமல், காலை நீட்ட இடமில்லாமல், வாயசைக்க வழியில்லாமல் ஒருத்தி ஆப்பிரிக்காவுக்காக மன்றாடியிருக்கிறாள். படத்தில் பார்த்தும், சுடு சூப்பு காத்திருந்தும், தான் அந்தப் பெயரைத் தாண்டித் தாண்டிப் போனது கில்ரேக்கு நினைவு வந்தது.

"அப்புறம்," என்றாள் ஓக்சிம், "இங்க இருக்கிறவங்களுக்கும்."

"இங்கன்னா?"

"தெக்கே, இந்தக் கடலோரத்துல இருக்கிற சபைங்களுக்கு. இவங்களுக்கு என்ன கேடு, வயிறாரத் தின்னுறாங்களேன்னு எனக்குக் கோவம் வந்துச்சு. அதுக்கு அவ சொன்னா, 'அவங்களுக்குச் சோறு இருக்கு, வெளக்கு இருக்கு, கதவு தொறந்து கெடக்கு. அதெல்லாம் இருக்கிறப்போ நம்புறது கஷ்டம். பாவம், யாராவது தாங்கிப் புடிக்கணும்'னு."

காற்று கொடிகளை உலுக்கியது. கில்ரே வடக்கே பார்த்தாள். மலைகள் துல்லியமாகத் தெரிந்தன. அங்கிருந்து ஒன்றுமே வரவில்லை என்று அவள் சலித்துக் கிடந்த வருஷங்களில், அந்த மலைகளுக்குப் பின்னாலிருந்து ஒருத்தி இந்தக் கரையைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். கில்ரே குனிந்து ரப்பர் பூட்ஸைக் கழற்றினாள்.

"ஏன்க்கா கழட்டுறீங்க? தரையெல்லாம் மீன் தண்ணி."

"தெரியலம்மா. போட்டுக்கிட்டு நிக்க முடியல." சாக்ஸ் நனைய அவள் அப்படியே நின்றாள். "அந்தப் பொம்பள என்ன ஆனா?"

"ஒருநாள் காலையில கூட்டிட்டுப் போனாங்க. கால் நிமிரல அவளுக்கு. சுவரப் புடிச்சு எழுந்திரிக்கறப்போ என் காதுல சொன்னா, 'நான் விட்ட எடத்துலேர்ந்து நீ புடிச்சுக்கோ'ன்னு. எனக்கு சாமியும் தெரியாது ஒண்ணும் தெரியாது. ஆனா போற உசுரு சொன்ன வார்த்தைய தள்ள முடியுமா? அதே சுவரப் பாத்து உக்காந்தேன். வெயில் ஊருக்காரங்க, கடலோரத்துக்காரங்கன்னு மனசுக்குள்ள சொன்னேன். தப்பிச்சு வந்தப்பவும் சொன்னேன். இன்னிக்குக் காலையிலயும் சொன்னேன். நேத்து நீங்க சொன்னப்புறம்தான் வெளங்குச்சு, இதுக்குப் பேரு ஜெபம்னு." அவள் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "யாருகிட்ட சொல்றேன்னே தெரியாம சொன்னதுதான்க்கா. அது போய்ச் சேந்திருக்குமா?"

கில்ரே நழுவ விட்ட கணவாயைக் குனிந்து எடுத்தாள்.

"என்னோடது போய்ச் சேந்துச்சான்னு எனக்கே சந்தேகம்" என்றாள். "உன்னோடது சேந்திருக்கும்."

அடுத்த புதன்கிழமை கில்ரே போதகரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தாள். எல்லோரும் உட்கார்ந்த பிறகு அவரே விஷயத்தைச் சொன்னார். ஓக்சிமுக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டுத்தான் சொன்னார். சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் கண்ணைத் திறந்தபடி ஜெபிக்கலாம் என்றார். அந்தச் சபைக்கு அது பழக்கமேயில்லை. யாரோ இருமினார்கள். ஒரு பெஞ்சு முனகியது. பிறகு அதுவும் அடங்கியது. மால்சுன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கில்ரே எதிர்ச் சுவரைப் பார்த்தாள். வெள்ளையடித்த வெறும் சுவர்தான். ஆனாலும் தாங்கள் மட்டும் அங்கே இல்லை, பூட்டிய அறைகளிலிருந்தும் எரிந்த கூரைகளின் அடியிலிருந்தும் எத்தனையோ பேர் தங்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் மூச்சுவிடவே பயமாக இருந்தது.

ஓக்சிம் எழுந்து நின்றாள்.

"அவ பேரு எனக்குத் தெரியாது" என்றாள். பேச்சின் இழுவையை மறைக்க அவள் முயலவில்லை. "எங்கள நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. உசுரோட இருக்காளான்னும் தெரியாது. நீங்க எப்பவும் கத்துவீங்கள்ல, இப்பக் கத்துங்க. அவளால கத்த முடியல. நான் இந்தத் தடவ ஓடமாட்டேன்."

போதகர் கையை உயர்த்தினார். ஓக்சிம் காதைப் பொத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். "ஆண்டவரே!" என்று சபை கூவியபோது கில்ரேயும் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அவள் இல்லாமலே ஜன்னல்கள் அதிர்ந்தன. இடப்பக்கத்து அக்கா, இடப்பக்கத்து அக்கா என்று நாலாபுறமும் கேட்டது.

முடிந்து மற்றவர்கள் சூப்புக்கு எழுந்து போனபோது ஓக்சிம் உலகப்படத்தின் முன்னால் போய் நின்றாள்.

"பாஸ்டர், அந்தக் கோயில் எரிஞ்ச ஊரு இதுல எங்க?"

போதகர் தோ விரலை நீட்டினார். ஓரிடத்தில் வைத்தார். "இங்கயும் எரிச்சிருக்காங்க" என்று தயங்கி இன்னோரிடத்துக்கு நகர்த்தினார். பிறகு அதற்கும் கீழே, பிறகு கிழக்கே. பிறகு கையை எடுத்துவிட்டார்.

ஓக்சிம் அந்தக் கண்டத்தின் மேல் தன் உள்ளங்கையை விரித்து வைத்தாள். கை போதவில்லை. மற்றக் கையையும் வைத்தாள்.

"ஒரு கோயில்னுதான் அவ கேள்விப்பட்டிருந்தா" என்றாள்.