தைத்து மூடிய பை

செருப்புக்கடைக்காரர் இறந்த மறுநாள் காலையிலிருந்து அந்த வீட்டில் எல்லாமே இனித்தது. குழாய்த் தண்ணீர் இனித்தது. உப்பு இனித்தது. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு மகள் சர்க்கரை போடாமல் கொடுத்த டீ, உதட்டில் ஒட்டிக்கொள்கிற அளவுக்கு இனித்தது. மேல்மாடி எலக்ட்ரீஷியன் இரண்டாவது தம்ளரும் வாங்கிக் குடித்துவிட்டு, சாவு வீட்டில் டீ நன்றாக இருக்கிறது என்று சொல்லலாமா கூடாதா என்று விளங்காமல், காலித் தம்ளரைப் பிடித்துக்கொண்டே நின்றார். விரல் சூப்பிக்கொண்டிருந்த அவருடைய குழந்தை விரலை விட்டுவிட்டுச் சுவரை நக்க ஆரம்பித்தது. இத்தனைக்கும் ஓர் எறும்புகூட எட்டிப் பார்க்கவில்லை. அடுத்தவர் குடும்ப விவகாரத்தில் தலையிட எறும்புகளுக்கு விருப்பமில்லை போலிருக்கிறது. தெருவில் மற்றவர்களுக்கு அந்த நாகரிகம் கிடையாது.

செருப்புக்கடைக்காரர் என்று சொன்னாலும் கடை அவருடையதல்ல. அங்கே விற்பனையாளராக இருந்தார். வாழ்நாளில் பாதியை மற்றவர்களின் காலடியில் மண்டியிட்டே கழித்தவர். அளவுப் பலகையைத் தொடமாட்டார். காலை ஒரு பார்வை பார்த்துவிட்டு நம்பரைச் சொல்வார், சரியாக இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் ஒரு தையல்காரி செருப்பு வாங்க வந்தபோதும் அப்படித்தான் பார்த்து "அஞ்சாம் நம்பர்" என்றார். அந்த நம்பரே அவளுக்குச் செல்லப் பெயராகி, அவள் அவருக்கு மனைவியும் ஆகிவிட்டாள். வீட்டிலேயே மிஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைப்பாள். மனுஷருக்கு இனிப்பென்றால் உயிர். காலை டீக்கு மூன்று கரண்டி சர்க்கரை போட வேண்டும். குடித்து முடித்ததும் தம்ளரின் அடியில் தங்கியதை விரலால் வழித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். பெண்ணுக்கு அந்தப் பழக்கம் வந்துவிடும் என்று அவள் திட்டுவாள். பெண்ணுக்கும் வந்தது.

பெண் கல்யாணமாகிப் போன வருஷத்தில் அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. டாக்டரம்மா ஒரு வெறும் தட்டை மேஜையில் வைத்து விரலால் கோடு கிழித்துக் காட்டினார். பாதித் தட்டு காய்கறி, கால் பங்கு சோறு, மீதிக் கால் பங்கு பருப்போ முட்டையோ. நேரம் தவறாமல் சாப்பாடு, சாப்பிட்டபின் நடை. இனிப்பு வேண்டாம். "மூணு மாசம் கண்டிப்பா இருந்துட்டு வாங்க, பார்க்கலாம்" என்றார். காய்ச்சலுக்குப் பத்தியம் இருப்பதுபோல, மூன்று மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று புருஷனும் பெண்டாட்டியும் நம்பிக்கொண்டு வீடு வந்தார்கள். அப்படியும் அவருக்குத் தாங்கவில்லை. மறுநாள் காலை வெறும் டீயைப் பார்த்ததும் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தார். அவள் மூடியுள்ள கண்ணாடி ஜாடி ஒன்றைக் கழுவித் துடைத்து எடுத்து வந்து, அவருடைய மூன்று கரண்டி சர்க்கரையை அவர் கண்ணெதிரிலேயே அதில் போட்டாள்.

"யாரு உங்களுக்கு இல்லைன்னா? எடுத்துதான் வைக்கிறேன். உடம்பு சரியானதும் உங்க பங்கை மொத்தமா சாப்பிடுங்க."

அவர் ஜாடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சிரித்துவிட்டு டீயைக் குடித்தார். மூன்று மாதம் கழித்துப் போனபோதுதான், இது ஆயுள் முழுக்கக் கூடவே வருகிற நோய் என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். வீடு திரும்பும் வழியில் இருவரும் ஜாடியைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் காலையில் அவள் வழக்கம்போல மூன்று கரண்டி எடுத்துப் போட்டாள், அவரும் வழக்கம்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இல்லாமல் அந்த டீ அவருக்கு இறங்காது என்று அவளுக்குத் தெரியும்.

சாப்பாட்டு விஷயத்தில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. பெரிய தட்டு பரணுக்குப் போய்ச் சின்னத் தட்டு வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு மூன்று அறை வைத்த டப்பா வந்தது. பெரிய அறையில் காய்கறி. கடைக்கு வருகிறவர்கள் பிஸ்கட் நீட்டினால், "எனக்கு வீட்டுல சேருது" என்று பெருமையாகச் சொல்லி மறுத்துவிடுவார். உருளைக்கிழங்கைக் கண்டால் பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி தலையை மட்டும் ஆட்டுவார். எல்லாம் ஒழுங்காக நடந்தது, ஒன்றைத் தவிர. ஜாடி நிறையவில்லை. தினமும் மூன்று கரண்டி போட்டும் சர்க்கரை அடியிலிருந்து ஒரு விரல் உயரத்துக்குமேல் ஏறவேயில்லை. முதலில் அவள் ஈரத்தில் கரைகிறது என்று நினைத்தாள். ஜாடியை மாற்றினாள். புது ஜாடியிலும் அதே ஒரு விரல்தான்.

"ஏங்க, உண்மையைச் சொல்லுங்க. ஜாடியில கை வெச்சீங்களா?"

"நான் ஏம்மா வைக்கப்போறேன்? எனக்குன்னு சேர்த்து வெச்சதை நானே திருடுவேனா?"

"அப்ப எங்க போச்சு?"

"எனக்கென்ன தெரியும்?"

அதைவிட நல்ல பதில் அவரிடம் இல்லை. அந்த வருஷங்களில் அவர் செய்த தப்பு என்று தேடினால் இந்த ஒன்றுதான் கிடைக்கும். அவள் ஜாடியை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அப்படியும் நிறையவில்லை. கள்ளச்சாவி போட்டிருக்கிறார் என்று முடிவு கட்டினாள். கடையிலிருந்து வந்ததும் வாயைத் திறக்கச் சொல்லி முகர்ந்து பார்த்தாள். அவரும் செருப்பை மாட்டக் கால் நீட்டுகிற வாடிக்கையாளர் மாதிரி, மறுபேச்சு இல்லாமல் வாயைத் திறந்து காட்டினார். ஆனால் தூக்கம் போய்விட்டது. பத்தியத்தில் ஒரு பருக்கை கூடாமலே பரிசோதனையில் சர்க்கரை ஏறியது. டாக்டரம்மா கேட்டுவிட்டு, தூக்கம் கெட்டாலும் ஏறும், மனக்கவலையிலும் ஏறும் என்றார். டாக்டரம்மாவுக்கும் இவர் செருப்பு அளவு பார்த்துக் கைக்குள் போட்டுக்கொண்டார் என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டில் பேச்சு குறைந்தது. அஞ்சாம் நம்பர் என்று அவர் கூப்பிடுவதும் நின்றது.

மாத்திரையின் அளவு கூடியது. கூடியபின் சில நாட்களில் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் அவருக்குக் கை நடுங்கி வேர்த்துக் கொட்டும். அப்படி வந்தால் உடனே வாயில் போட்டுக்கொள்ளச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு மிட்டாய் இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா அவரிடம் சொல்லியிருந்தார். துணி துவைக்கும்போது அந்த மிட்டாய் அவள் கையில் கிடைத்தது. அதைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"டாக்டரம்மாதான் வெச்சுக்கச் சொன்னாங்க. மயக்கம் வந்தா போட்டுக்கறதுக்கு."

"சொல்லுவாங்க. நான் ஒருத்தி ஏமாறுறதுக்குன்னே இருக்கேன்ல?"

மிட்டாய் ஜன்னல் வழியாகப் போனது. அன்று சீருடை வேலையை ஒதுக்கிவிட்டு, அவருடைய சட்டைகளையெல்லாம் மிஷினில் போட்டு ஒவ்வொரு பையின் வாயையும் தைத்து மூடினாள். நல்ல தையல், இரட்டை ஓட்டம். அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். கடைப் பேனாவை எங்கே வைப்பது என்று மட்டும் கேட்டார், காதில் வைக்கச் சொன்னாள். அன்றிலிருந்து பேனாவைக் காதிலேயே வைத்துக்கொண்டார். கால்சட்டைப் பையிலோ கடை மேஜையிலோ ஒரு மிட்டாயை அவர் ஒளித்து வைத்திருக்கலாம். வைத்தால் அவள் நினைத்தது சரி என்று ஆகிவிடும் என்பதால் வைக்கவில்லை.

கடைசி நாள் காலை, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "வரேன், அஞ்சாம் நம்பர்" என்றார். ரொம்ப நாளைக்கப்புறம் கேட்ட சொல். அவள் நிமிரவில்லை, மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், கடையில் கூட்டம், மதியச் சாப்பாடு தள்ளிப்போயிற்று. ஒரு வாடிக்கையாளரின் காலை முழங்கால்மேல் வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே குனிந்தார். அந்த ஆள், கயிறு முடிச்சு விழுந்துவிட்டது போல என்று காலை ஆட்டாமல் காத்திருந்தாராம். அன்று ராத்திரியே அவர் வீட்டுக்கு வந்து சொன்னார்: "வேர்த்துக் கொட்டுச்சும்மா. நெஞ்சை நெஞ்சைத் தடவினாரு. நெஞ்சுவலின்னு எனக்குத் தெரியாமப் போச்சே." இதயம் நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியிலும் சொன்னார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கை நெஞ்சைத் தடவவில்லை, பையின் வாயைத் தேடியது என்பது உலகத்தில் ஒருத்திக்கு மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலை, ஊர் கூடியிருக்கும்போதே, அவள் உள்ளறையில் உட்கார்ந்து சட்டைப் பைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மகள் வந்து தடுத்தும் கேட்கவில்லை. கத்தரிக்கோல் கைக்குக் கிடைக்காததால் பல்லால் நூலைக் கடித்தாள். நூல் இனித்தது. இன்னொரு சட்டையை எடுத்தாள், அதுவும் இனித்தது. காலர் இனித்தது, பட்டன் இனித்தது. எழுந்துபோய் அவர் சாய்கிற சுவரை, அவர் பிடித்துக்கொண்டு செருப்பு மாட்டுகிற கதவு நிலையை, அந்தச் சின்னத் தட்டை நாக்கில் வைத்துப் பார்த்தாள். அத்தனை வருஷத்து மூன்று கரண்டியும் அங்கேதான் இருந்தது. அவர் வேண்டாமென்று விட்டது எதுவும் வீட்டைவிட்டுப் போகவில்லை. அவர் கைபட்ட இடமெல்லாம் தங்கியிருந்து, அவர் போனதும் வெளியே வந்திருக்கிறது. ஒரு துளிகூட அவர் வாய்க்குள் போகவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து, "நான் நம்பலையேங்க, நான் நம்பலையே" என்று தட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேயிருந்தாள். மிட்டாய் பையில் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று பிறகு ஒருநாள் டாக்டரம்மாவிடம் கேட்டாள். அதை யாராலும் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

வருஷங்கள் போயின. அந்த வீட்டு இனிப்பு யார் ரத்தத்திலும் ஏறவில்லை, ஆகையால் சுகாதாரத்துறை அதைக் கண்டுகொள்ளவில்லை. மேல்மாடியில் குடிவந்தவர்கள் உறைப்புக் கூட்டிச் சமைக்கப் பழகிக்கொண்டார்கள், வாடகை கூடவுமில்லை குறையவுமில்லை. அவள் இப்போதும் தினமும் மூன்று கரண்டி ஜாடியில் போடுகிறாள். அலமாரிக்குப் பூட்டுக் கிடையாது. விட்டுக்கொடுக்க ஆள் இல்லாததால் சர்க்கரை இப்போது போட்டது போட்டபடியே இருக்கிறது. முதல் ஜாடி நிறைந்து, அலமாரி முழுக்க ஜாடிகளாகி, கடைசியாக வாங்கியதும் கழுத்துவரை வந்துவிட்டது. இன்னும் யாருக்கம்மா எடுத்து வைக்கிறாய் என்று மகள் போனில் கேட்டால், "அவர் பங்குடி" என்பாள்.

அழுவதுதான் சிரமமாக இருந்தது. வீட்டுக்குள் அழுதால் கண்ணீரும் இனித்தது, அவளுக்கு அது பொறுக்கவில்லை. அதனால் மத்தியானம் மிஷினை நிறுத்திவிட்டு, தெருமுனை பஸ் ஸ்டாப்புக்குப் போய் அழுதுவிட்டு வருகிறாள். அங்கே கண்ணீர் உப்பாகத்தான் இருக்கிறது. பெஞ்சில் இருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுகிறார்கள். அந்த அம்மா ஏறுவதற்கு வரவில்லை என்று டிரைவர்களுக்கும் தெரியும். அவளுக்காகக் காத்திருக்காமல் பஸ்ஸை எடுத்துவிடுகிறார்கள்.