துஞ்சினார்: ஐந்து கட்டைகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை வீம்பில் பிறந்தது. எனக்கு ஒரு பழஞ்சொல் கிடைத்தது. அதை நாலு பேர் முன்னால் போட்டுக் காட்டாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. அதற்காகவே ஒரு குடும்பத்தைப் பிடித்து, எழுத்துக்கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் விளையாட்டுப் பலகையைச் சுற்றி உட்கார வைத்தேன்.

முதல் தொடக்கம்: "அந்த ஞாயிறு மதியம் வெயில்" (வேண்டாம். வெயிலில் தொடங்காத கதை உண்டா?)

2

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் சின்னவளுக்கு வீட்டில் 'அகராதி' என்று பெயர். படிப்பால் பாதி, வாய்க்கொழுப்பால் பாதி. கட்டை அடுக்கினால் யாருக்கும் தெரியாத சொல்லாகத்தான் அடுக்குவாள். அண்ணன் கத்துவதைப் பொறுக்கமாட்டாமல் அண்ணி ஒரு சட்டம் போட்டாள்: தெரியாத சொல்லை வைப்பவர், வீட்டு ஆள் ஒருவரைப் பற்றி அதில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்.

முதலில் சின்னவள் 'ஞாளி' வைத்தாள். "அண்ணனை ஞாளி துரத்துச்சு." ஞாளி என்றால் நாய். மறுநாள் தெருமுனையில் அண்ணனை நாய் துரத்தியது. விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு 'எழினி'. "அண்ணி எழினியைக் கிழிச்சுட்டாங்க." எழினி என்றால் திரைச்சீலை. அதுவும் அந்த வாரமே அண்ணியின் வளையலில் மாட்டிக் கிழிந்தது. அப்போது யாரும் அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

(இவள் தெரிந்துதான் வைக்கிறாளோ? எழுதுகிற எனக்கே விளங்கவில்லை.)

3

இந்த ஞாயிறு. அப்பா ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில், இவர்களுக்கு முதுகு காட்டியபடி. சின்னவள் கட்டைகளை வைத்தாள். து, ஞ், சி, னா, ர்.

"சும்மா அடிச்சு விடாத," என்றான் அண்ணன்.

"இருக்கு. வேணும்னா பாத்துக்கோ."

"சரி, வாக்கியம் சொல்லு."

"அப்பா துஞ்சினார்." நாற்காலியைக் காட்டினாள். "தூங்கிட்டார்னு அர்த்தம்."

அண்ணி அகராதிப் புத்தகத்தைப் புரட்டினாள். விரல் ஓரிடத்தில் நின்றது. "இன்னொரு அர்த்தமும் போட்டிருக்கே. என் வாயால சொல்ல மாட்டேன்."

அண்ணன் எட்டிப் பார்த்தான். "செத்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான்.

சின்னவளுக்கு அது தெரியாததா? தெரியும். 'ஞ்' கைக்கு வந்த குஷியில் மறந்துபோனாள்.

"ஐயோ, வேணாம். எடுத்துட்டு வேற வைக்கிறேன்."

"வச்ச கட்டைய எடுக்கக் கூடாது," என்றான் அண்ணன், பழக்கதோஷத்தில். சொன்ன பிறகு அவனுக்கே பக்கென்றது.

மூவரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். குறட்டை இல்லை.

4

தப்பு என்னுடையது. அப்பா குறட்டை விடுபவர். அதை முன்பே எழுதியிருக்க வேண்டும். சொல்லைக் காட்டும் அவசரத்தில் விட்டுவிட்டேன். இப்போது சேர்க்கப் பார்க்கிறேன்:

"அப்பாவின் குறட்டை அறை முழுக்க"

"காலையில்கூட அவர் நன்றாகத்தான்"

பேனா நகரமாட்டேன் என்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

முடிவு ஒன்று: அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "யாரு ஜெயிச்சா?" என்கிறார்.

முடிவு இரண்டு: (எழுதினேன். அடித்துவிட்டேன். அடித்த பிறகும் தெரிகிறது.)

5

"நீ போய்ப் பாருண்ணா."

"சொன்னது நீதானே? நீ போ."

சின்னவள் எழுந்தாள். நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, "அப்பா," என்றாள்.

இதற்கு மேல் எழுத மாட்டேன். நான் எழுதாதவரை அவர் பதில் சொல்லக்கூடியவர்தான். மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், கொஞ்சம் பொறுங்கள். அவள் இன்னொரு தரம் கூப்பிடட்டும்.